அவகாசம் கேட்கும் மூட்டு

காது வலிக்கிறது என்று சொல்லித்தான் தாடை மூட்டு நோயாளிகளில் பலர் முதன்முதலாக மருத்துவரிடம் போகிறார்கள். அவர் விளக்கடித்துப் பார்க்கிறார். செவிப்பறை சுத்தமாக இருக்கிறது. சொட்டு மருந்து எழுதித் தருகிறார், வலி போகவில்லை. அடுத்து பல் மருத்துவர். கடைவாய்ப் பல்லில் ஏதோ நிழல் தெரிகிறது. வேர் சிகிச்சை நடக்கிறது, அல்லது ஞானப்பல் ஒன்று பிடுங்கப்படுகிறது. வலி அப்படியே இருக்கிறது. பிறகு ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரை, கண்ணாடி பவர் மாற்றம், கழுத்துக்குப் பட்டை. யாரோ ஒருவர் காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து, "வாயைத் திறந்து மூடுங்க" என்று சொல்லும்வரை சிலருக்கு வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இந்தத் தடுமாற்றத்துக்கு உடலின் பழைய வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. ஊர்வனவற்றின் தாடையைக் கோக்கும் இரண்டு எலும்புகள், பாலூட்டிகள் உருவாகிவந்த நெடுங்காலத்தில் சுருங்கி, தாடையை விட்டு விலகி, நடுச்செவிக்குள் ஒலியைக் கடத்தும் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் ஆயின. கார்ல் ரைஹெர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் 1837இல் பன்றிக் கருக்களை ஆராய்ந்து இந்த உறவை எடுத்துக்காட்டினார். பழைய மூட்டு காதின் வேலைக்குப் போக, தாடையின் வேலையை இன்னொரு மூட்டு ஏற்றுக்கொண்டது. அதுவும் காதை விட்டுத் தள்ளிப் போகவில்லை. நடுவில் ஒரு மெல்லிய எலும்புச் சுவர்தான். மூட்டின் உணர்வையும் காதின் முன்பகுதி உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோவது ஒரே நரம்புக்கிளை. வலி எங்கிருந்து வருகிறது என்று நோயாளியால் சுட்டிக்காட்ட முடியாமல் போவது அவர் குழப்பவாதி என்பதால் அன்று.

உடலில் இப்படி இன்னொரு மூட்டு கிடையாது. கீழ்த்தாடை ஒரே எலும்பு, அதன் இரண்டு முனையிலும் இரண்டு மூட்டு. ஒன்று அசையாமல் மற்றது அசைய முடியாது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது எலும்பின் உருண்டை முனை இருந்த இடத்திலேயே சுழல்கிறது. சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டுமென்றால் அந்த முனையே குழியை விட்டு இறங்கி முன்னால் வழுக்கி வர வேண்டும். உருண்டைக்கும் குழிக்கும் நடுவில் இருபுறமும் குழிந்த ஒரு சின்னக் குருத்துத் தட்டு இருக்கிறது. டிஸ்க் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அது எலும்போடு சேர்ந்து வழுக்கும்வரை நமக்கு மூட்டு இருப்பதே தெரியாது. தட்டு முன்னால் நழுவிப் போய், வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறிக்கொண்டால் 'டொக்' என்று சத்தம் கேட்கும். எலும்பு ஏற முடியாமல் தட்டு முன்னாலேயே மாட்டிக்கொண்டால் சத்தம் நின்றுவிடும், வாயும் பாதியில் நின்றுவிடும். சாதாரணமாக நம்முடைய விரல்கள் மூன்றை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் விடலாம். தாடை பூட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டே கஷ்டம்.

வகுப்பறையில் பேசிப் பிழைப்பவள் நான். என் இடது பக்கத்து மூட்டில் இந்த மாட்டல் நேர்ந்தபோது, சத்தம் நின்றுவிட்டதே, சரியாகிவிட்டது போலும் என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் காலை இட்லியை விண்டு பக்கவாட்டில் தள்ள வேண்டியிருந்தது. கொட்டாவி வந்தால் பயமாக இருந்தது. ஐந்தாவது பீரியட் முடியும்போது கன்னப்பொறியிலிருந்து கழுத்துவரை இறுகிப்போய், பிள்ளைகள் கேட்கும் சந்தேகத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் அம்மா, "வாயைக் கொஞ்ச நேரம் சும்மா வச்சிருந்தாலே சரியாப் போயிடும்டி" என்றார். பள்ளியில், "தாடைக்கெல்லாமா லீவு டீச்சர்?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. கால் ஒடிந்தால் கட்டு தெரியும், காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. தாடை வலியை அளக்க ஒன்றும் இல்லை. நோயாளி முகத்தைச் சுளித்துக் காட்டினால்தான் உண்டு, அந்தச் சுளிப்பும் வலியைக் கூட்டும்.

பிறகு எம்ஆர்ஐ எடுத்தோம். "டிஸ்க் விலகியிருக்குதாம்க்கா" என்று என் கணவர் தன் அக்காவிடம் போனில் சொன்ன குரலில் அதுவரை நான் கேட்காத ஒரு கனம் இருந்தது. அன்று இரவு யாரும் சொல்லாமலே அம்மா சாதத்தைக் குழைய வடித்து, பருப்பைக் கடைந்து வைத்திருந்தார். முந்தின வாரமும் அதே வலிதான். மாறியது கையில் ஒரு படம் வந்ததுதான்.

அந்தப் படத்தைப் பார்த்த அறுவை மருத்துவர் பொறுமையானவர். "தட்டு நல்லாவே முன்னால போயிருக்கும்மா. ஓப்பன் பண்ணிப் பாத்துரலாம். சரி பண்ண முடிஞ்சா பண்ணுவோம், இல்லேன்னா எடுத்துரலாம்" என்றார். காதுக்கு முன்னால் ஒரு கீறல், பொது மயக்கம், சில நாள் மருத்துவமனை. முகநரம்பின் கிளை ஒன்று அந்த வழியாகத்தான் நெற்றிக்குப் போகிறது, அதில் காயம் பட்டால் புருவத்தை உயர்த்த முடியாமல் போகலாம், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. நிம்மதி வந்தது. பல நாள் யோசித்த பிறகுதான் அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவளின் வலியை இனி யாரும் சந்தேகிக்க முடியாது. தையல் போட்ட முகத்தைப் பார்த்து "வாயைச் சும்மா வச்சிரு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். தாடை மூட்டைத் திறந்துவிடலாம் என்ற சம்மதத்துக்குப் பின்னால் வலி மட்டும் இருப்பதில்லை. நம்பப்படாமல் இருந்த களைப்பும் இருக்கிறது. மருத்துவமனைக்கு வரும் தாடை மூட்டு நோயாளிகளில் பெண்களே அதிகம், அதிலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள். வீட்டிலும் வேலையிலும் "சும்மா சொல்றா" என்ற பேச்சை அதிகம் கேட்கும் வயது அது. அந்தக் களைப்பு கத்தியை நோக்கித் தள்ளும்போது, வலிதான் தள்ளுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

படத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில் இன்னொரு சிக்கல். தாடையில் எந்தத் தொந்தரவும் இல்லாத, நன்றாக மென்று சாப்பிடும் தன்னார்வலர்களை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தட்டு விலகித்தான் இருந்தது. ஆக, விலகிய தட்டு இருக்கிறது என்பது உண்மை, வலிக்கிறது என்பதும் உண்மை, அதனால்தான் இது என்பது மட்டும் படத்திலிருந்து கிடைக்காது. வலி மூட்டிலிருந்து வருகிறதா, மெல்லும் தசைகளிலிருந்து வருகிறதா என்பதை மருத்துவரின் விரல்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தசையிலிருந்து வருகிற வலிக்கு மூட்டைத் திறந்து பயனில்லை.

நழுவிய தட்டைத் தைத்து நிறுத்தலாம் என்ற யோசனை புதிதன்று. எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் 1887லேயே அதைச் செய்து, அறிக்கையும் வெளியிட்டார். அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டு முழுவதும் இந்த மூட்டின் மருத்துவ வரலாறு, ஒரு காரணத்தைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் எல்லோருக்கும் அதையே பூசிப் பார்த்த வரலாறாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் பதினோரு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் போனவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது, எலும்பு பின்னால் போய் நரம்பையும் காதுக்குழாயையும் அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். அந்த விளக்கம் உடற்கூற்றோடு பொருந்தவில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் குற்றவாளி பற்கள்தான் என்ற எண்ணம் பல் மருத்துவத்தில் வேரூன்றிவிட்டது. நல்ல பற்களை ராவினார்கள், உயர்த்தினார்கள், தொப்பி போட்டார்கள்.

அந்தக் காலத்தில் சிகாகோவில் நடந்த ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1976இல் வெளியான அதில், இருபத்தைந்து நோயாளிகளின் பற்களைக் கடிப்பொருத்தத்துக்காக ராவுவதாகச் சொல்லி, உண்மையில் ராவாமல் பாவனை மட்டும் செய்தார்கள். பதினாறு பேர் வலி முற்றிலும், அல்லது ஏறக்குறைய முற்றிலும், போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பதினாறு பேரின் வலி பொய் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. வலி உண்மையாக இருந்தது, உண்மையாகவே குறைந்தது. தானாகவே ஏறி இறங்கும் இயல்புள்ள வலி அது. இறங்கும் நேரத்தில், ஒருவர் அருகில் உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லி, வலிக்கும் இடத்தில் அக்கறையோடு கைவைத்திருக்கிறார். அதற்கும் பலன் இருக்கிறது. சிகிச்சையின் பெயரில் நடந்த எதையாவது பலனுக்குக் காரணமாக்கும் முன் இந்த இரண்டையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தச் சோதனை கற்றுத்தரும் பாடம். பல்லை ராவுவதற்குச் சொன்னது கத்திக்கும் பொருந்தும்.

கழித்துப் பார்க்காமல் போனதன் விலையை அமெரிக்கப் பெண்கள் கொடுத்தார்கள். தட்டை எடுத்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசுமே, அந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டுமே என்ற கேள்விக்கு, டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் இருந்த வைட்டெக் என்ற நிறுவனம் டெஃப்லான் சேர்த்த புரோபிளாஸ்ட் என்ற செயற்கைத் தகட்டைக் கொண்டுவந்தது. 1983இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு விற்பனை அனுமதி கொடுத்தது. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பொருளுக்கு நிகரானது என்ற வழியில் வந்த அனுமதி அது. தாடை மூட்டுக்குள் வைத்தால் பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பதற்கு யாரும் ஆதாரம் கேட்டுப் பெறவில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் வைக்கப்பட்டன.

மெல்லும் விசையைத் தகடு தாங்கவில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்த துகள்களை அந்நியப் பொருளாகக் கண்ட உடல், அவற்றைத் தின்று தீர்க்க ராட்சத உயிரணுக்களைத் திரட்டியது. அந்தப் போரில் சுற்றியிருந்த எலும்பும் கரைந்தது. தாடையெலும்பின் முனை தேய்ந்து, முகவாய் உள்வாங்கி, கடி திறந்துபோனது. சிலருக்குக் குழியின் கூரையும் அரிக்கப்பட்டு மண்டையோட்டின் உட்புறம்வரை ஓட்டை விழுந்தது. 1990இல் நிறுவனம் திவாலானது. அந்த ஆண்டின் இறுதியில் அரசின் எச்சரிக்கை வந்தது, அடுத்த ஆண்டு திரும்பப் பெறும் நடவடிக்கை தொடங்கியது. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. தகட்டை எடுத்தாலும் துகள்கள் திசுக்களில் தங்கிவிட்டதால் அறுவைக்கு மேல் அறுவை என்று போனவர்கள் ஏராளம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தழும்பு கூடுகிறது, அடுத்த அறுவை பலன் தரும் வாய்ப்பு குறைகிறது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பெண்களில் பலர் தகட்டை வைத்துக்கொள்ளப் போனபோது அவர்கள் நோய், வலித்தாலும், உயிரையும் முகத்தையும் குலைக்கிற நோயாக இருக்கவில்லை. சத்தமும் வலியும் பூட்டலும்தான். அவர்கள் அவசரப்பட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வலியில் இருப்பவர்களுக்கு ஒரு வாசல் திறக்கப்பட்டது, நுழைந்தார்கள். வாசலைத் திறந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இன்றைய அறுவை அன்றைய அறுவையன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மசதோஷி ஓனிஷி 1975இல் ஒரு மெல்லிய குழல்நோக்கியை இந்த மூட்டுக்குள் செலுத்திக் காட்டினார். ஜெருசலேமின் டோரிட் நிட்சானும் அமெரிக்க சகாக்களும் 1991இல் அதைவிட எளிதான ஒன்றைச் சொன்னார்கள். இரண்டு ஊசியைச் செருகி, மூட்டின் மேலறையை உப்புநீரால் கழுவிவிட்டாலே பூட்டிக்கொண்ட பல தாடைகள் திறக்கின்றன. தட்டு அதன் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்காது, ஆனால் வாய் திறக்கும், வலி தணியும். தட்டை அதன் இடத்தில் நிறுத்துவதே குணம் என்று ஒரு நூற்றாண்டாக நம்பியதற்கு அந்த இரண்டு ஊசி எழுப்பிய கேள்வி பெரியது.

2007இல் மினசோட்டாவிலிருந்து வந்த ஆய்வுதான் என் முடிவில் அதிகம் பங்கெடுத்தது. என்னைப் போலவே தாடை பூட்டிக்கொண்ட 106 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்தும் ஆலோசனையும். இன்னொன்றுக்கு அவற்றோடு பயிற்சி, பல்லுறை, உளவியல் துணை எல்லாம் சேர்ந்த மறுவாழ்வு. மூன்றாவது குழுவுக்குக் குழல்நோக்கி அறுவை, நான்காவதற்கு மூட்டைத் திறந்து செய்யும் அறுவை. ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நான்கு குழுவிலும் வலி குறைந்தது, வாய் திறந்தது. குழுக்களுக்கு இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பே, 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட நாற்பது பேரைச் சிகிச்சை எதுவும் தராமல் இரண்டரை வருடம் கவனித்திருந்தார்கள். சுமார் பத்தில் நான்கு பேருக்குத் தொந்தரவே இல்லாமல் போனது. மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறைந்தது. கால்வாசிப் பேருக்கு ஒன்றும் மாறவில்லை.

அந்தக் கால்வாசிப் பேரை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. "காலம் ஆற்றும்" என்று அவர்களிடம் சொல்வது, "வாயைச் சும்மா வச்சிரு" என்பதன் படித்த வடிவம். அறுவையைப் பற்றிய நேர்மையான பேச்சு அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவற்றை முறையாகச் செய்து பார்த்தும் தீராதவர்கள், வலி மூட்டிலிருந்துதான் வருகிறது என்று சோதித்து உறுதி செய்யப்பட்டவர்கள், எலும்பே தேய்ந்துபோனவர்கள். அவர்களுக்கு ஊசிக் கழுவலும் குழல்நோக்கியும், கடைசிப் படியில் முழு மூட்டு மாற்றும் இருக்கின்றன. அவரவர் மண்டையோட்டின் சிடி ஸ்கேனைப் பார்த்து அளவெடுத்துச் செய்யும் உலோக மூட்டுகள் இன்று புழக்கத்தில் உள்ளன. சில லட்சங்கள் ஆகும், ஆனால் மூட்டு அழிந்தவருக்கு அது மறுபடி ஒரு வாய்ச்சோறு.

கத்தியைத் தள்ளிப்போடவே கூடாத இடமும் இந்த மூட்டில் உண்டு. மூன்று நான்கு வயதில் குழந்தை முகவாய் அடிபட விழுகிறது. முகவாயில் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். காதுக்கு முன்னால் எலும்பின் முனை உடைந்து மூட்டுக்குள் இரத்தம் கட்டியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அல்லது காதில் வைத்த சீழ் மூட்டுக்குள் இறங்குகிறது. மெதுவாக மூட்டு எலும்பாகவே உறைந்துவிடுகிறது. வாய் விரல் நுழையாத அளவுக்கு மூடிக்கொள்ளும். கீழ்த்தாடையின் வளர்ச்சி குன்றி முகவாய் பின்வாங்கும். பல் துலக்க முடியாமல் பற்கள் சொத்தையாகும். நாக்குக்கு இடம் போதாமல் தூக்கத்தில் மூச்சு திணறும். நம் ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரிகளின் வாய், முக அறுவைப் பிரிவுகளுக்கு இந்தக் குழந்தைகள் புதியவர்கள் அல்லர். உறைந்த எலும்பை வெட்டியெடுத்து, நடுவில் கன்னப்பொறித் தசையை மடித்து வைத்து, தேவைப்பட்டால் வளரும் குருத்தோடு விலாவெலும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தி வாயைத் திறந்து கொடுக்கிறார்கள். பிறகு மாதக்கணக்கில் அந்தக் குழந்தை அழுதுகொண்டே வாய்ப் பயிற்சி செய்ய வேண்டும். விட்டால் மீண்டும் உறைந்துவிடும். இங்கே காத்திருப்பது குழந்தையின் முகத்தையும் மூச்சையும் இழப்பது.

வருடக்கணக்கில் பாக்கும் குட்காவும் மென்றவர்களுக்கு வாய் திறக்காமல் போவது வேறு கதை. அங்கே மூட்டு நன்றாகவே இருக்கும், கன்னத்தின் உட்சதைதான் நாராகி இறுகியிருக்கும். அது புற்றுநோயாக மாறக்கூடியது. வாய் திறக்கவில்லை என்ற ஒரே புகாருக்குப் பின்னால் இத்தனை வேறுபட்ட நோய்கள் இருப்பதால்தான், பக்கத்து வீட்டுக்காரர் செய்துகொண்ட அறுவையை வைத்து நம் அறுவையை முடிவு செய்ய முடியாது.

என் விஷயத்துக்கு வருகிறேன். அறுவை மருத்துவரிடம் திரும்பப் போய் என்னென்ன கேட்பது என்று எழுதி எடுத்துப் போனேன். வலி மூட்டிலா தசையிலா என்பது எப்படித் தெரிந்தது? திறக்காமல் விட்டால் என் மூட்டு கெட்டுப்போகும் என்பதற்கு அறிகுறி ஏதாவது படத்தில் இருக்கிறதா? திறந்து பலனில்லையென்றால் அடுத்தது என்ன? அவர் காதுக்கு முன்னாலும் கன்னத்திலும் மறுபடி அழுத்திப் பார்த்தார். தசையில் வலி அதிகம், எலும்பு நன்றாக இருக்கிறது, திறப்பதற்கு அவசரம் ஒன்றுமில்லை என்றார். "அப்படின்னா ஒரு வருஷம் பாக்கலாமா சார்?" என்றேன். "தாராளமாப் பாக்கலாம்மா. வாய் இன்னும் குறுகிச்சுன்னா உடனே வாங்க" என்றார். கேட்ட பிறகுதான் இந்தப் பதில் வந்தது. கேட்கத் தெரியாதவர்களுக்கும் அது வர வேண்டும்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவே முழுநேர வேலை. சாப்பிடாதபோதும் பேசாதபோதும் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் தொட்டுக்கொள்ளவே கூடாது, உதடு மூடியிருக்கப் பற்கள் விலகியிருக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது ஆச்சரியப்பட்டேன். விடைத்தாள் திருத்தும்போது என் பற்கள் இறுகப் பூட்டியிருப்பதை அதன்பிறகுதான் கவனித்தேன். கட்டிலிருந்து ஒரு தாள் எடுக்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தப் பழகினேன். வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கைமுட்டி, கண்ணாடி முன் நின்று நேர்கோட்டில் வாயைத் திறக்கும் பயிற்சி, கடியை மாற்றாத இரவுப் பல்லுறை. முறுக்கும் கரும்பும் இல்லாத பொங்கல். வலியைப் பற்றிய பயத்தைக் குறைக்கக் கற்றுத்தரும் உளவியலாளர் ஒருவரிடமும் போனேன். அது வலி மனப்பிரமை என்பதால் இல்லை. பயந்த உடல் தாடையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்ற எளிய உடலியல் காரணத்துக்காக.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதலைப் படித்தபோது, நான் தடவித் தடவி வந்து சேர்ந்த வழியைப் பெரும்பாலும் அதில் பார்த்தேன். நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு, பயிற்றுநர் உதவியோடு செய்யும் தாடைப் பயிற்சிகளையும் அசைவுச் சிகிச்சையையும் உளவியல் சிகிச்சையையும் அது முன்வைக்கிறது. கடியை நிரந்தரமாக மாற்றும் சாதனங்களையும், வலிக்காகத் தட்டை அகற்றும் அறுவையையும் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. இரவுப் பல்லுறை விஷயத்தில் அது தயக்கம் காட்டுகிறது. எனக்கு அது உதவியது போலத்தான் தெரிகிறது, ஆனால் அந்தப் பதினாறு பேரை நினைத்து, உதவியது என்று அடித்துச் சொல்லாமல் விடுகிறேன்.

இன்று என் வாய் இரண்டரை விரல் அளவுக்குத் திறக்கிறது. பரீட்சைக் காலத்தில் வலி ஏறும், விடுமுறையில் இறங்கும். ஒரு முழு வகுப்பைத் தடையில்லாமல் நடத்துகிறேன். நாளை எலும்பு தேயத் தொடங்கினாலோ, வாய் மேலும் குறுகினாலோ, முதலில் ஊசிக் கழுவலுக்கும் பிறகு தேவைப்பட்டால் கத்திக்கும் சம்மதிப்பேன். அப்போது என் வலியை யாருக்கும் நிரூபிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்காது. மூட்டு மட்டுமே காரணமாக இருக்கும்.

அமெரிக்க தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2020இல் வெளியிட்ட பெரிய அறிக்கை ஒன்று, இந்த நோயாளிகள் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுந்துவிடுகிறார்கள் என்ற கவலையை முன்வைத்தது. அந்தப் பள்ளம் நம் ஊரிலும் இருக்கிறது. எம்பிபிஎஸ் ஓரிடத்தில், பிடிஎஸ் வேறிடத்தில். மூட்டு இரண்டுக்கும் நடுவில். இதை வாசிக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் குடும்ப மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். காது வலிக்கிறது என்று வரும் பெண்ணின் காது சுத்தமாக இருந்தால், "ஒன்னுமில்லம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள், கன்னத்துத் தசையை அழுத்திப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. வலி இருந்தால் இருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேராக, கூட வந்தவர்கள் காதிலும் விழும்படி, சொல்லுங்கள்.